வரமாட்டேன் என்கிற இடம்

மண்டோர் நல்லசாமி சொல்லி முடித்ததும் காளியம்மா தலையாட்டிவிட்டாள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தவள். வேலை வாங்குகிற மண்டோர் பேசினால் தலை தானாக ஆடும். எதற்கு ஆட்டினோம் என்பது நாலைந்து பால்மரம் சீவிய பிறகுதான் உறைத்தது.

"பால் நிறுக்கிற நேரத்துல இன்ஸ்பெக்டரு வருவாரு. வீரன் காட்டுக்காரனுங்களுக்குச் சோறு கொண்டுபோனதப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒழுகாத வீடா, முன்லயத்துல பாத்துத் தாரேன்" என்றிருந்தான்.

வீரன் அடுத்த நிரையில் மரம் சீவுகிறவன். முழுநாள் வேலைக்கு அரைநாள் கூலி போட்டதற்காக மண்டோரின் சட்டையைப் பிடித்தவன். அவனை ஈஜோக் போலீஸ் ஸ்டேஷனில் அடைத்திருந்தார்கள். அவனிடம் ஒன்றும் சிக்கவில்லை; அதனால் சாட்சி வேண்டியிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிறவர்களுக்கு எட்டாதபடி, முள்வேலியைத் தாண்டி ஒரு பருக்கை போகக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து தோட்டமே வெறும் வயிற்றோடுதான் மரம் சீவுகிறது. அவனுக்கு மட்டும் எங்கிருந்து சோறு?

தன் மனசு எப்படி இருக்கிறது என்று காளியம்மாவுக்கு நேராகத் தெரியாது. பாடித்தான் பார்ப்பாள். யார் கட்டினதோ, ஒரு கிறுக்குப் பாட்டு.

கருவாட்டத் தூக்கிப்போற காக்காயே - ஒன்
கண்ணாலத்துக்கு நான் வரமாட்டேன்

கோபம் என்றால் காக்காய் ஓட்டமாக ஓடும். பயம் என்றால் 'வரமாட்டேன்' நடுங்கும். சந்தோஷம் என்றால் அந்த இடத்தில் குரல் மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். புருஷனைப் புதைத்த மறுவாரம் மரத்தடியில் வாயைத் திறந்தாள். குரல் ஏறிச் சுற்றியது. அவன் அடித்த அடியெல்லாம் உடம்பு மறக்கவில்லை போல. பக்கத்து நிரைக்குக் கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது பாட்டுக்கும் தடை. காட்டுக்குள் இருக்கிறவனுக்குச் சைகையாம். பாடாமல் ஒரு மழைக்காலமே போய்விட்டது. காலையில் ஆட்டினது சம்மதமா வெறும் பழக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மரத்தோடு மரமாக ஒட்டி நின்று முணுமுணுத்தாள். 'வரமாட்டேன்' வரவே இல்லை. இருமினாள், காறித் துப்பினாள், மறுபடி எடுத்தாள். பாட்டு அதே இடத்தில் நின்றது. இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. உளியைப் பட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

நிறுவைக் கொட்டகையில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காளியம்மா வாளியைத் தராசில் மாட்டினாள்.

"பாத்ததச் சொல்லு புள்ள" என்றான் நல்லசாமி.

"நான் ஒன்னும் பாக்கல."

"காலையில தலைய ஆட்டுன?"

"நீங்க பேசுனா அது ஆடுது மண்டோரே. தலை ஒங்களுது, வச்சுக்குங்க. வாயி என்னுது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

நல்லசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "ஒன்னையும் போலீஸ் லோரியில ஏத்திருவானுங்க லா. பயமில்லையாடி ஒனக்கு?"

காளியம்மாவுக்கு அதையும் பாடித்தான் பார்க்கவேண்டும். இன்ஸ்பெக்டர் காதுபடவே முழுக் குரலில் காக்காய்ப் பாட்டை எடுத்தாள். 'வரமாட்டேன்' வந்துவிட்டது. கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு வந்தது.

"இருக்கு" என்றாள். "கேக்கல? எப்படி நடுங்குது பாருங்க. அதுக்காக இல்லாதத பாத்தேம்பேனா?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வெளியே லோரியின் பின்பலகையை யாரோ தடாலென்று இறக்கினார்கள். காளியம்மா பால் காய்ந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதே நடுக்கத்தோடு பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். அவள் வாளியை இறக்க யாருக்கும் கை நீளவில்லை. தராசின் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.