அடுப்படியில் வைத்த பிரிண்டர்

1

இந்தக் கதை என் வீட்டு பிரிண்டர் கெட்டுப்போனதால் கிடைத்தது. கெட்டது என்று கூடச் சொல்ல முடியாது. அது நன்றாகத்தான் இருந்தது, வீட்டிலிருந்த எந்தக் கம்ப்யூட்டரின் கண்ணிலும் அது படவில்லை, அவ்வளவுதான். கோவை காந்திபுரத்திலிருந்து முஸ்தபா என்பவர் வந்து சரிசெய்தார்.

"எல்லாத்தையும் ஒரே வைஃபைல போட்டாச்சுங்க. இனி பிரிண்டரை எந்த ரூம்ல வேணும்னாலும் வெச்சுக்கலாம். கணபதி ஏரியால ஒரு ஊட்டுல அடுப்படியிலயே வெச்சுக் குடுத்திருக்கறேனுங்க."

"அடுப்படியிலயா? எதுக்குங்க?"

"அந்தூட்டு ஐயாவுக்குத் தொண்டையில ஆபரேசனுங்க. பேச்சு வராது. அவரு ரூம்ல உக்காந்து அடிப்பாரு, அந்தம்மாவுக்கு அடுப்படியில வந்து உழுகும்."

அவர் போன பிறகும் 'வந்து உழுகும்' என்ற சொல் வீட்டிலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. பெயர்கள் நான் வைத்தவை. அந்தம்மாள் ஒருமுறை முஸ்தபாவுக்குப் போன் செய்து ஒரு சந்தேகம் கேட்டாராம். அது மட்டும் கேட்டபடியே பின்னால் வரும். மீதி எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

'வெங்கடபதி கூப்பிட்டால் பட்டறையில் ஓடுகிற லேத் எல்லாம் ஒரு கணம்' (நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் அவரைப் பெரிய மனிதராக்கிவிடுவேன். அவர் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை வைத்திருந்தவர், கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர். அவ்வளவுதான்.)

'மௌனம் என்பது' (இதை எழுதிய கைக்கு என்ன தண்டனை தரலாம் என்று தெரியவில்லை.)

'முஸ்தபா அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது பங்காரம்மா பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள்.'

இது இருக்கட்டும்.*

* முதலில் 'அவர்' என்றுதான் எழுதினேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு 'அவர்' இருந்ததில் யார் அரிந்தார், யார் அடித்தார் என்று எனக்கே குழம்பியது. அறுபத்திரண்டு வயதுப் பெண்மணியை 'அவள்' என்று எழுதுவதற்கு இந்த ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

3

முஸ்தபா அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது பங்காரம்மா பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். மிக்ஸி இருந்த இடத்தைத் துடைத்து, பிரிண்டரை அங்கே வைக்கச் சொன்னவள் மருமகள் நவ்யா. மாடியில் அமர்ந்து ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். ஒரே பிரிண்டர், அவளுக்கும் மாமனாருக்கும் பொது.

"ஏனுங்க தம்பி, எண்ணெய் தெறிச்சா ஒண்ணும் ஆகாதுங்களா?" என்றாள் பங்காரம்மா.

"அடுப்புலிருந்து தள்ளித்தானுங்கம்மா இருக்குது. மேல ஒரு துணியப் போட்டு வெச்சுக்குங்க."

வெங்கடபதியின் குரல்வளையை எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அது தெரியாமல் எப்போதும் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டிருப்பார். தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அதில் வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடித்தால் படித்துச் சொல்லும் செயலியை நவ்யா போனில் போட்டுத் தந்தாள். அது ஒரு இளம்பெண்ணின் குரலில் "தண்ணீர் வேண்டும்" என்றது. அவர் போனைக் கட்டிலில் எறிந்தார். எழுதிக் காட்டலாம்தான், ஆனால் கை நடுங்கியது. பங்காரம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டிருந்தது. போனின் சின்ன எழுத்தும் தெரியாது, நடுங்கிய எழுத்தும் தெரியாது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. பட்டறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அவருடைய அறைக்கு வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் எழுத்தாக மாறும்படி நவ்யா செய்து கொடுத்தாள். பட்டறையில் ஆங்கிலத்தில் விலைப்பட்டியல் அடித்துப் பழகிய விரல்கள்தானே. எழுத்தளவைக் கட்டைவிரல் பருமனுக்கு ஏற்றினாள்.

முஸ்தபா பிரிண்டரை வைஃபையில் சேர்த்தார். மாடியிலிருந்து ஒரு டெஸ்ட் பேஜ் வந்தது. அறையிலிருந்து வரவில்லை. பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டார், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார், ஒவ்வொரு முறையும் அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தார். வெங்கடபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், தேர்வு எழுத வந்தவர் மாதிரி. கடைசியில் முஸ்தபா, "இப்ப அடிங்கய்யா" என்றார்.

அடுப்படியில் பிரிண்டர் முனகியது. தாள் மெல்ல வெளியே வந்து விழுந்தது. பங்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். கறுப்பாக, பெரிதாக, ஒரே ஒரு சொல்.

காபி.

நவ்யா கை தட்டினாள். பங்காரம்மா சிரித்தாள், பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவளிடம் கேட்ட முதல் காபி அது.

4

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். கோவையைத் தெரிந்தவர்கள் பெயர்களைக் கண்டதுமே ஊகித்திருப்பார்கள். இந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்தவர்கள். கடையில், பட்டறையில், பஸ்ஸில் எல்லாம் நம்மைப் போலவே 'ஏனுங்க' போடுவார்கள். வாசற்படி தாண்டினால் தெலுங்கு. ஆனால் பேச மட்டும்தான். வெங்கடபதிக்கும் பங்காரம்மாவுக்கும் தெலுங்கு எழுத்து ஒன்று கூடத் தெரியாது. படித்ததும் எழுதியதும் தமிழ்.

எனவே குரல் போனதோடு வெங்கடபதிக்கு மனைவியிடம் பேசிய மொழியும் போயிற்று.

இதைக் கண்டுபிடித்த அன்று நான் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன். அதுவரை இது ஒரு பிரிண்டரைப் பற்றிய கதையாக இருந்தது. கல்யாணமான நாள் முதல் மனைவியிடம் ஒரு தமிழ்ச் சொல்லைக் கூட நேருக்கு நேர் சொல்லியிராத மனிதர் இப்போது அவளுக்குத் தமிழில் அடிக்கிறார். அதுவும் பேச்சுத் தமிழ் இல்லை. எழுத வேண்டும் என்றால் பள்ளிக்கூடத் தமிழ்தானே வரும்.

'தண்ணீர் வேண்டும்.'

'சாம்பாரில் உப்பு குறைவு.'

'மின்விசிறியை ஏன் நிறுத்தினாய்?'

பங்காரம்மாவுக்கு எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள்கள் ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தவை போலிருந்தன. அறைக்குப் போய் எப்போதும் போலத் தெலுங்கில் பதில் சொல்வாள். அவர் தலையாட்டுவார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் இன்னொரு தாள் தமிழில் விழும்.

(அவர்கள் வீட்டுக்குள் பேசியதை நான் தமிழில்தான் எழுதப்போகிறேன். எனக்குத் தெலுங்கு தெரியாது.)

5

பங்காரம்மாவின் தம்பி கோவிந்தராஜுலு உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். மச்சானைப் பார்க்க ஒரு சாக்கு இளநீரோடு வந்தார். வெங்கடபதி அறைக் கதவைத் திறக்கவில்லை.

"தூங்கறாரு போல," என்றாள் பங்காரம்மா.

"தூங்கட்டும் அக்கா. எனக்கென்ன அவசரம்?"

அடுப்படி மேசையில் உட்கார்ந்து காபி குடித்தார். தோப்பில் வெள்ளை ஈ விழுந்ததைப் பற்றிப் பேசினார். அவள் வெகுநாள் கழித்து ஒருவர் எதிரே உட்கார்ந்து, வாய் திறந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பிரிண்டர் முனகியது. அருகில் இருந்தவர் கோவிந்தராஜுலு. அக்காவிடம் எடுத்துக் கொடுக்கலாம் என்று தாளை எடுத்தார். அவ்வளவு பெரிய எழுத்தைப் படிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

'அவனை எப்போது அனுப்புவாய்?'

அவர் தாளைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார். மீதிக் காபியைக் குடித்து முடித்தார்.

"நான் கிளம்பறேன் அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இருடா, சாப்பிட்டுட்டு..."

"இன்னொரு நாளைக்கு."

குரல் இருந்த காலத்தில் வெங்கடபதி இதே கேள்வியை அவளை உள்ளே கூப்பிட்டு, காதோடு கேட்டிருப்பார். காதோடு அச்சடிக்கும் பிரிண்டரை இன்னும் யாரும் செய்யவில்லை.

தம்பி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தாள். அறைப் பக்கம் போகவில்லை. பிரிண்டரின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, அதன் மேலேயே வைத்துத் துணியால் மூடினாள்.

6

அவர் ஏன் அப்படி அடித்தார்? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மச்சான்மேல் பழைய பகை (நீக்கிவிட்டேன், அவர் அப்படிப்பட்டவர் இல்லை). குணமே அப்படி (சோம்பேறித்தனமான காரணம்). மூன்றாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கழுத்துத் துளையோடு கோவிந்தராஜுலுவுக்கு முன்னால் வர அவருக்குக் கூசியது. பின்கட்டுக் கழிப்பறைக்கு அடுப்படியைத் தாண்டித்தான் போக வேண்டும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பங்காரம்மாவுக்கு இது தெரியாது. அவர் சொல்ல நினைத்திருந்தாலும், சொல்லும் வழியின் வயர் சுருட்டப்பட்டிருந்தது.

முதல் வரைவில் அவள் அன்று மாலையே வயரை மாட்டிவிட்டாள். படித்துப் பார்த்தபோது அது பொய்யாக இருந்தது. அத்தனை வருடமும் அந்தக் குரல் கூப்பிட்ட போதெல்லாம் எழுந்து போனவள். இப்போது முதல்முறையாக, கேட்காமல் இருக்க அவளால் முடிந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைத்தால் நான் அவளை நல்லவளாகக் காட்டலாம், உயிரோடு காட்ட முடியாது.

வேளைக்குச் சோறு கொண்டுபோய் வைத்தாள். பேசவில்லை. அவர் கை தட்டிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. அறையிலிருந்து விசைகளின் சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. சில நாளில் கைதட்டல் நின்றது. விசைச் சத்தம் நிற்கவில்லை. யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தும் ஒருவர் அடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டபடி அவள் கீரை ஆய்ந்தாள்.

7

ஒரு காலையில் நவ்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அத்தை, நான் அனுப்பினது ஏன் வரலை?" துணியை விலக்கிப் பார்த்தாள். சுருட்டிய வயரைப் பார்த்தாள். மாமனாரின் அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"மாமா அடிச்சதெல்லாம் வரிசையில நிக்குது அத்தை. நிறைய. கரண்ட் குடுத்தா அவ்வளவும் வரும்."

"என்ன எழுதியிருக்காரு?"

"நான் படிக்கலை."

பங்காரம்மா நவ்யாவை முஸ்தபாவுக்குப் போன் போடச் சொல்லி, போனை வாங்கிக்கொண்டாள். முதலில் நான் சொன்ன அந்தப் போன் இதுதான்.

"ஏனுங்க தம்பி, பிரிண்டரை அமத்தி வெச்சிருந்தனுங்க. இப்பப் போட்டா பழசெல்லாம் வந்துருமுங்களா?"

"வந்துருமுங்கம்மா. அடிச்ச வரிசையிலயே வரும்."

"வேண்டாமுன்னா?"

"அழிச்சுப்போடலாமுங்க. ஒரு பட்டன்தான். ஆனா அழிச்சுப்போட்டா அவ்வளவுதானுங்க, அப்பறம் எடுக்க முடியாது."

அந்தப் பக்கம் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது என்றார் முஸ்தபா. பிறகு,

"சரிங்க தம்பி. நான் பாத்துக்கறனுங்க."

முஸ்தபாவுக்குத் தெரிந்தது இத்துடன் முடிந்தது. மறுபடி அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

8

முடிவுகள்.

அ) அவள் அழிக்கச் சொல்கிறாள். அன்றிலிருந்து இருவரும் புதிதாகத் தொடங்குகிறார்கள். (எழுத எளிது. ஆனால் ஒருவர் அத்தனை நாள் பேசியதை அழித்துவிட்டுத் தொடங்குவது என்ன தொடக்கம்?)

ஆ) தாளெல்லாம் மன்னிப்பு. (வெங்கடபதியை எனக்கு இவ்வளவு தூரம் தெரிந்த பிறகு இதை எழுதக் கை வரவில்லை.)

இ) அவள் பிரிண்டரைப் போடுவதற்குள் அறைக்குள் அவர் (இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கண்ணீர் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரைச் சாகடிக்கக் கூடாது.)

9

நவ்யாவை மாடிக்கு அனுப்பிவிட்டாள். புதுத் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி வைத்தாள். வயரை மாட்டினாள்.

பிரிண்டர் வெகுநேரம் முனகியது. பிறகு தாள்கள் வரத் தொடங்கின.

'தண்ணீர்.'

'கதவு திறந்திருக்கிறது.'

'நான் கூப்பிடுவது கேட்கிறதா?'

'கோவிந்தராஜுலு ஊர் போய்ச் சேர்ந்தானா?'

இந்தத் தாளை அவள் இருமுறை படித்தாள்.

'நான் வெளியே வர வேண்டியிருந்தது. அவன் முன்னால் வர முடியவில்லை.'

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலும் தாள்கள் வந்தன. மாத்திரை பற்றி, பல்லியைப் பற்றி, ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுத்தாள் கூட. கடைசியாக ஒன்று வந்தது. எழுத்தெல்லாம் தமிழ், சொல் ஒன்றும் தமிழ் இல்லை. இத்தனை நாள் அணைத்து வைத்ததில் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்து, சிறுவர்கள் படிப்பதைப் போல எழுத்தெழுத்தாக உதட்டை அசைத்தாள்.

முதல் சொல் 'ஏமே'.

கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்தது. அவர் தெலுங்கை அடித்திருந்தார். கம்ப்யூட்டருக்கு எந்த மொழியானால் என்ன, கொடுத்த ஒலியைத் தமிழ் எழுத்தில் போட்டுக் கொடுத்திருந்தது. அதை மனதுக்குள் படிக்க முடியவில்லை, வாய்விட்டுத்தான் படிக்க முடிந்தது. பங்காரம்மா படித்தாள். தடுக்கித் தடுக்கி, பிறகு தடுக்காமல், அவர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவாரோ அந்த இடத்தில் உயர்த்தி.

நிமிர்ந்தபோது வெங்கடபதி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் துண்டு இல்லை.

10

அந்தத் தாளில் என்ன இருந்தது?

'ஏமே' எனக்கும் தெரியும். இந்த ஊரில் அக்கம்பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும், கணவன் மனைவியைக் கூப்பிடுவது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டு இரண்டு வரி வாங்கிப் போட்டிருக்கலாம். ஒருவர் எழுதியும் கொடுத்தார், நன்றாகத்தான் இருந்தது. போடவில்லை. அந்த வீட்டு வாசற்படி தாண்டி என்னால் வர முடிந்தது இவ்வளவு தூரம்தான்.

உங்களுக்குத் தெலுங்கு தெரியுமென்றால் அந்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாதென்றால், எந்த மொழியானாலும் சரி, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பங்காரம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பதில் சொன்னாள். அதுவும் தெலுங்கில்தான்.