வெளுக்காத விசுவாசம்

கணக்குப் பிரிவில் அவருக்கு டெம்பரவரி என்று பட்டம். வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியராகவே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் ராஜா என்றா பட்டம் வைப்பார்கள்? வேலை நிரந்தரமானால் போதும், மனிதருக்கு வேறு வரமே வேண்டாம். அதற்காக மேனேஜர் தும்மினால்கூட இவர் கைக்குட்டை நீட்டுவார்.

மேனேஜருக்கோ ஊழியர் ஒற்றுமை என்று ஒரு கிறுக்குப் பிடித்தது. எல்லோரையும் வெள்ளைப் பருத்திச் சட்டை கொண்டுவரச் சொன்னார். மீட்டிங் அறையிலேயே வாளியை வைத்து, சட்டையை அங்கங்கே முடிச்சுப் போட்டு நூலால் இறுக்கி, நீலச் சாயத்தில் முக்கி எடுக்கவைத்தார். முடிச்சை அவிழ்த்தால் வட்டம் வட்டமாக நீலமும் வெள்ளையும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் அதைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. அதோடு விட்டாரா? சாயம் எப்படியோ அப்படித்தான் உங்கள் விசுவாசமும் என்று ஒரு பிரசங்கம் வேறு.

தபால் பிரிவுக்காரர் வெகுளி. சட்டையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு அடித்துத் துவைத்து, பழைய தலையணை உறை மாதிரி வெளிறிப்போனதை மாட்டிக்கொண்டு வந்தார். மேனேஜர் அவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, உமக்கு நிரந்தரம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் ஒரு ஜீவன் சட்டையை நனைக்கவில்லை.

டெம்பரவரி தன்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார். வெள்ளி காலையில் எடுப்பார், அக்குளில் சென்ட் அடிப்பார், கிளம்பிவிடுவார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. தன் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது, அதனால்தான் ஜனங்கள் மரியாதையாக விலகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாடை மூளைக்கும் ஏறியிருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டாள். தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசினால் ஒட்டாத சாயம்தான் போகும், ஒட்டினது அப்படியே நிற்கும் என்றாள். இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே? துணி துவைக்கிறவளுக்கு ஆபீஸ் விவகாரம் என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வருகிறார், நிரந்தரப் பட்டியல் அவர் கையால்தான் என்று செய்தி வந்தது. அதற்கு முதல்நாள் இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் சட்டையை எடுத்துவிட்டாள். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கொஞ்சமாகச் சோப்பு போட்டு அலசினாள். முதல் தண்ணீர் மை மாதிரி ஓடியது. பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. நிழலில் காயப்போட்டாள்.

திரும்பி வந்தவர் வாளியில் மிச்சமிருந்த நீலத் தண்ணீரைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் வேலையவே கரைச்சு ஊத்திட்டியே."

வட்டங்கள் கலையாமல் அப்படியே இருந்தன, நிறம் ஒரு மாற்றுதான் குறைந்திருந்தது. ஆனாலும் மேனேஜர் மறுநாள் தபால் பிரிவுக்காரரை லீவில் அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இவரைக் கடைசி வரிசையில், ஜன்னல் மூலையில் ஒளித்துவைத்தார்.

இயக்குநர் அம்மா உள்ளே வந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்தினார். ஒருவர் சட்டைகூட வெளுக்கவில்லை பாருங்கள் என்று மேனேஜர் பல்லிளித்தார். அந்த அம்மா வரிசை வரிசையாகத் தாண்டி ஜன்னல் மூலைக்கு வந்தபோதுதான் மூச்சு விட்டார்.

"இத யாரு துவைச்சது?"

மனைவி என்று ஒரு சொல். அது வாயில் வந்தால் என்ன குறைந்துபோகும்? வரவில்லை.

"நானேதான் மேடம்," என்றார். தனியாக அலசுவது, உட்புறம் திருப்புவது, நிழலில் போடுவது என்று எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் ஒப்பித்தார்.

அந்த அம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவர நிரந்தரமாக்குங்க. மத்தவங்க சட்டையெல்லாம் இனிமே இவரே துவைச்சுக் கொண்டுவரட்டும். வாராவாரம்."

உத்தரவிலும் அப்படியே டைப் ஆகிவிட்டது.

சாயங்காலம் ஒரு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நிரந்தரம் என்று கேட்டதும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், எத்தனை வருஷக் கவலை அது. அப்புறம்தான் மூட்டையைப் பார்த்தாள். சங்கதியைச் சொன்னார், பாதியை விழுங்கிவிட்டு.

"யாரு துவைச்சதுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

அவள் சண்டை போடவில்லை. மூட்டையைக் குளியலறைவரை இழுத்துக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். வாளியைக் குழாய்க்குக் கீழே காலால் தள்ளிவிட்டு வெளியே வந்து அவருக்கு வழிவிட்டாள்.

"முதல் தண்ணி நீலமாத்தான் போகும். பயந்துடாதீங்க."

அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. குவியலில் மேலாகக் கிடந்தது மேனேஜருடைய சட்டை.