வாசலில் வேப்பிலை, கழுத்தில் வேர்க்குரு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் முதுகில் பிறந்தது. சித்திரை வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்து, நுங்குத் தோலைத் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். அந்த நிலையில் கதை யோசிப்பதைத் தவிர வேறென்ன செய்வது?

2

‘இளம்பிள்ளையில் அழகே உருவான ஒருத்தி...’

(வேண்டாம். அவளே சிரிப்பாள்.)

தனப்பிரியா இளம்பிள்ளை என்ற ஊரில் பட்டுச்சேலை நெய்கிறாள். தகரக் கூரைக்கடியில் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்தெல்லாம் வேர்க்குரு. இன்று பரமத்தி வேலூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவள் குளிக்கிற வெந்நீரில் போட அப்பா பூபதி வேப்பிலை ஒடித்து வந்தார். மிச்சக் கொத்தை ஆடு கடிக்காமல் இருக்கட்டுமென்று வாசல் நிலையில் உயரமாகச் செருகி வைத்தார்.

[வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் வாசலில் வேப்பிலை இருந்தால் அது அம்மை போட்ட வீடு. வெளியாட்கள் நுழைய மாட்டார்கள். பூபதிக்கும் இது தெரியும். மகள் அரிப்பில் நெளிவதைப் பார்த்ததில் எல்லாம் மறந்துவிட்டது.]

3

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா மயிலம்மாள் ஒரு காலைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க, வண்டியத் திருப்பச் சொல்லுங்க. ஆத்தா வந்திருக்கற ஊடு.”

பூபதி கும்பிட்டபடி காருக்குப் பின்னால் ஓடி...

(அடித்துவிட்டேன். அந்த மனுசனை நான் ஓடவிட மாட்டேன்.)

வண்டி திரும்புவதற்குள் தனப்பிரியாதான் காரருகே போனாள். கழுத்தில் பூசிய சந்தனத்தைக்கூடத் துடைக்கவில்லை.

“அம்மையில்லீங்க. வெறும் வேர்க்குரு. ஆடு கடிச்சிருமுன்னு எங்கப்பா தழையை மேல செருகிட்டாரு.”

மயிலம்மாள் அவள் கழுத்தை உற்றுப் பார்த்தார். “கண்ணாலத்துக்குள்ள மறைஞ்சிருமா சாமி?”

“மறையுமுங்க. அடுத்த கோடைக்குத் திரும்ப வரும். தறியில உக்கார்ற உடம்பு. கண்ணாலம் ஆனாலும் நெய்வேனுங்க.”

பூபதி அவசரமாகக் கொத்தைப் பிடுங்கப் போனார். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “இருக்கட்டுங்கப்பா. சாயங்காலம் குளிக்க வேணும்.”

சத்தியமாக, இதை நான் யோசித்து எழுதவில்லை. அவள் வாயில் வந்தது. எனக்குப் பெருமை தாங்காமல், முதுகில் நுங்குத் தண்ணீர் வழிய எழுந்து அறைக்குள் நடந்தேன்.

4

முடிவு ஒன்று: மயிலம்மாள் இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொள்கிறார். (தித்திப்பு கூடிவிட்டது.)

முடிவு இரண்டு: கார் போய்விடுகிறது. (பூபதியின் முகத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: மாப்பிள்ளை கதவைத் திறந்து...

இல்லை, நான் நிறுத்திக்கொள்கிறேன். மயிலம்மாள் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அது அவர்கள் பாடு. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் காரை நோக்கி இன்னும் ஓர் அடி எடுத்துவைக்க அவளைச் சொல்லாதீர்கள்.