அம்மா வழிச் சொத்து

பியூலா டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு செல் பாடம் நடத்தினால், அந்தக் குரோம்பேட்டைப் பள்ளியில் அடுத்த அறைவரை சிரிப்புக் கேட்கும். "மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்கு கரண்ட் குடுக்கிற இடம். அது முழுக்க அம்மா சொத்து, அப்பா பங்கு துளியும் கிடையாது. ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சா அம்மாவுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க!" இந்த வருஷம் சிரித்தவர்களில் அவள் மகள் ஜெரூஷாவும் ஒருத்தி.

மகன் ஸ்டெபின் சின்னவன். நாலு படி ஏறினால் கால் துவண்டு உட்கார்ந்துவிடுவான். போன வாரம்தான் டாக்டர் காரணம் சொன்னார்: மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு, குணமாக்க மருந்து இல்லை. பியூலா கேட்கப் பயந்ததையும் அவரே சொன்னார். "பொண்ணுக்கும் இருக்கும்மா. வெளிய வருமா, எப்போ வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"ஜெரூஷாவுக்குத் தெரிய வேணாம். தம்பிக்கு உடம்பு வீக்னு மட்டும் சொல்லு," என்றான் கணவன் தயாளன். பாடம் நடத்திய வாயே மறைக்கவும் ஒப்புக்கொண்டது. அசட்டுத்தனம்தான். ஆனால் அவளைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சபையிலிருந்து தபீதாள் அக்கா ஸ்டெபினுக்காக ஜெபிக்க பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்தார். வியாதியின் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும் என்பார் அக்கா. பியூலாவும் போனில் சொல்லித் தொலைத்திருந்தாள். கூடத்து மூலையில் ஜெரூஷா, பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மோகோலில் செல் செய்துகொண்டிருந்தாள். உட்கருவாக ரப்பர் பந்து ஒட்டியாயிற்று. களிமண்ணில் உருட்டிய மைட்டோகாண்ட்ரியாக்களை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஸ்டெபின் தலையில் கை வைத்தார். "அப்பா, இந்தப் பிள்ளையோட மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுங்கப்பா!"

மூலையில் கை நின்றது. பியூலாவுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அந்தக் காதைப் பொத்தவா முடியும்?

"வேற ஜெபக்குறிப்பு இருக்கா பியூலா?"

இருந்தது. தொண்டைவரை வந்தது. "இல்லக்கா," என்றாள்.

"ஆண்ட்டி, எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க," என்றாள் ஜெரூஷா.

"எக்ஸாமா கண்ணு?"

ஜெரூஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆமா ஆண்ட்டி, எக்ஸாம்தான்," என்றாள்.

படித்ததெல்லாம் இந்தப் பிள்ளைக்கு மறக்காமல் இருக்க வேண்டும் என்று தபீதாள் அக்கா ஆண்டவரிடம் உருகி மன்றாடினார். பியூலாவும் ஆமென் சொன்னாள்.