மூன்றாவது ரீல்

வலது தோள்பட்டையில் ஆணி அடித்தது போல வலித்தது. ஜாஹிர் வெந்நீர்க் குடத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தான். முப்பது வருடமாகச் சாயப்பட்டறை வேலை. கொதிக்கிற தொட்டியிலிருந்து பட்டு நூலைக் கோலில் அள்ளித் தூக்கி, முறுக்கி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிய வேண்டும். நேற்றுப் போட்டது அரக்குச் சாயம். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் அது போகவில்லை. அந்தக் கையோடுதான் அத்தாவைக் குளிப்பாட்ட வேண்டும்.

"ஹஜ்ரத், இந்தக் கை..." என்று நீட்டிக் காட்டினான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் பார்த்துவிட்டு, "உழச்ச கைதான? ஊத்துபா" என்றார்.

அத்தா கனி பாய் விடியற்காலை பாங்குச் சத்தம் ஓய்ந்த சிறிது நேரத்தில் போய்விட்டார். எண்பத்து நாலு வயது. ராத்திரி இரண்டு இட்லி தின்றார், சட்னியில் உப்பு இல்லை என்று மருமகள் சாய்மாவைக் கேலி செய்தார், படுத்தார். அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்தில் அவரை யாரும் வெறும் கனி பாய் என்று சொன்னதில்லை. ஊமைப்பட கனி பாய். அந்தப் பக்கத்திலேயே பெரிய தொண்டை அவருக்கு. தெருமுனையில் அவர் பேசினால் தறிச் சத்தத்தைத் தாண்டி வீட்டுக்குள் கேட்கும். அவருக்குப் போய் அந்தப் பெயர்.

முதலில் நாடகக் கம்பெனிதான் வைத்திருந்தார். ஒரு லாரி, நாலு படுதா, பதினோரு ஆள். வாலாஜாபாத், உத்திரமேரூர், மாகறல் என்று திருவிழா எங்கேயோ கம்பெனி அங்கே. ஊர்களில் டிவி வந்து கூட்டம் குறைந்ததும் லாரியை விற்று, கோடம்பாக்கத்தில் யாரிடமோ ஒரு பழைய கேமராவை வாடகைக்கு வாங்கி, தானே டைரக்டராகிப் படம் எடுத்தார். 'அக்கரைக்காரி' என்று பெயர். மூன்று ரீல். படம் எடுத்து முடித்தபோது சத்தம் சேர்க்கக் காசு இல்லை. "பேச்சுக்கு நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டார். ஊர் ஊராகப் போய் வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்டி, புரொஜெக்டரை ஓட்டி, திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் அவரே பேசினார். புருஷனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், ஓடக்காரனுக்கு ஒரு குரல். நாய்க்கும் அவரே குரைத்தார்.

குளிப்பாட்டி முடித்து, உடலைச் சுற்றக் கஃபன் துணியை விரித்தார்கள். ஜாஹிர் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். சுருக்கம் போகும்வரை இழுத்தான். மறுபக்கமும் போய் இழுத்தான். இருபது வயதில் அத்தாவோடு திரை கட்டிய கை. திரையில் ஒரு மடிப்பு இருந்தால் கதாநாயகி மூஞ்சி கோணிக்கொள்ளும் என்று அவர் கத்துவார்.

"போதும்பா. படமா ஓட்டப் போற?" என்றார் ஹஜ்ரத்.

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்தது. துணியைத் தடவிவிட்டுக்கொண்டே, "எங்க ஊருக்கும் வந்தாருபா. எனக்குப் பத்து வயசு. அந்த நாய்க்கு நாங்க நெஜமாவே பயந்தோம்" என்றார்.



காலையிலிருந்து ஜாஹிருக்கு ஒரே ஒரு பயம்தான். இறந்தவருக்கான தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து நின்று, மௌத்தானவர் யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டு, யாராவது சொன்னால், நான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். கடனோடு போகிறவரின் உயிர் வழியில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். கம்பெனிக் கடனை எல்லாம் சாயத்தொட்டியில் நின்று அடைத்தாயிற்று. பாக்கி இல்லை என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் அத்தா ஊர் ஊராகப் போன ஆள். எந்த ஊரில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ!

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அத்தாவைச் சுமந்து வந்த சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். கூட்டம் அவன் நினைத்ததைவிட அதிகம். தெருக்காரர்கள், பட்டறை ஆட்கள், பழைய நாடகக்காரர்கள் இரண்டு பேர். கேட்டுக்குப் பக்கத்தில் வெளியூர் ஆட்களும் நின்றார்கள்.

ஜாஹிர் எழுந்தான். அத்தா தொண்டையில் பாதி இருந்தால் போதும் என்று தோன்றியது.

"எங்க அத்தா உங்க யாருகிட்டயாவது ஏதாவது கோவமாப் பேசியிருந்தா மாப்பு பண்ணிடுங்க. யாருக்காவது எதனா தர வேண்டியது இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் பொறுப்பு."

காக்கை ஒன்று மட்டும் கத்தியது. ஜாஹிர் மூச்சை விட்டான். ஹஜ்ரத் தொழுகை நடத்த முன்னால் போனார்.

"எனக்குத் தரணும்" என்றது ஒரு குரல்.

கேட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. கூட்டம் வழிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் வந்தார்.

"நான் மாகறல். தாண்டவராயன். எண்பத்தஞ்சாம் வருஷம் எங்க ஊர்ல படம் போட வந்தாரு. ரெண்டு ரீல் ஓட்டுனாரு. புருஷங்காரன் ஆத்தத் தாண்டி வேலைக்குப் போனவன் திரும்பியே வரல. அந்தப் பொண்ணு இருக்கறதெல்லாம் வித்துட்டு ஆத்தங்கரைக்கு வந்து நிக்குது. ஓடக்காரன் ஏத்த மாட்டேன்றான். ஆத்துல வெள்ளம் ஓடிக்கினு இருக்குது. அங்க நிறுத்திட்டாரு. மூணாவது ரீல் பாக்கி."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அது வந்து..." என்று இழுத்தான் ஜாஹிர். "அந்த ரீல் கெட்டுப்போச்சுங்க. பூஞ்சை புடிச்சிருச்சி. எந்த ஊர்லயும் போட்டதில்ல. முடிவ அத்தா வாயாலதான் சொல்லுவாரு."

"ஆமாப்பா, அந்தப் பொண்ணு முழுகிடும்" என்றார் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர். "எங்க உத்திரமேரூர்ல பொம்பளைங்கல்லாம் அழுதாங்க."

"இன்னா முழுகிடும்? தாண்டிடும்பா. தாண்டிப் போயி, அங்க இன்னொருத்திய வெச்சிக்கினு இருக்கறவன செருப்பால அடிக்கும். வாலாஜாபாத்ல நானே பாத்தேன்."

"பாத்தியா, கேட்டியா?"

"கேட்டேன். பாத்த மாதிரி கேட்டேன்."

"எங்களுக்கு அப்படி இல்லியே. அவனும் அந்தப் பக்கத்துலருந்து எறங்கி, நடு ஆத்துல ரெண்டு பேரும்..."

"பள்ளிவாசல்!" என்றார் ஹஜ்ரத். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜாஹிர் சந்தூக்கைப் பார்த்தான். ஊருக்கு ஒரு முடிவு. கூட்டத்தின் மூஞ்சியைப் பார்த்துத்தான் அத்தா முடிவு கட்டுவார். அழுத முகமாக இருந்தால் கரை சேர்ப்பார். கொழுப்பெடுத்த கூட்டமாக இருந்தால் மூழ்கடிப்பார்.

தாண்டவராயன் அசையவில்லை. "உங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு முடிவு சொன்னாரு. எங்களுக்கு அதுவும் இல்ல. அவர் வாயத் தொறக்கறதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சி. கூட்டம் ஓடிப்போச்சி. மெசினு மேல சட்டையப் போட்டு மூடிக்கினு, மூணாவது ரீலோட வரேன்னு கத்துனாரு. இந்தா, இந்தக் காதால கேட்டேன். வரவே இல்ல."

"பெரியவரே," ஹஜ்ரத் அருகில் வந்தார், "சினிமாதான? மாப்பு பண்ணிடுங்க. நல்லபடியாப் போய்ச் சேரட்டும்."

"காசுன்னா விட்டிருப்பேங்க. காசு இல்லியே. எனக்கு அப்பதான் கல்யாணம் ஆச்சி. பொண்டாட்டியக் கூட்டிக்கினு போயிருந்தேன். அன்னிலருந்து கேக்குறா, அந்தப் பொண்ணு தாண்டுச்சா இல்லியான்னு. எனக்கு இன்னா தெரியும்? சண்ட போட்டாக்கூட அதத்தான் இழுப்பா. ஒரு படத்த முழுசாக் காட்டத் துப்பில்லன்னு." அவர் துண்டால் வாயைத் துடைத்தார். "இப்ப அவளுக்குக் கண்ணுல புரை விழுந்துகினு வருது. ஆப்பரேசனுக்கு வர மாட்டேன்றா. இவுரு போயிட்டாருன்னு காலையில சொன்னேன். போயி கேட்டுட்டு வான்னா. நான் இல்லன்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் போவ முடியாது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஜாஹிரைப் பார்த்தார்கள்.

இல்லாத ரீலை எப்படித் தருவது? பொய்யாக ஏற்றுக்கொண்டால் அந்தப் பாவம் யாருக்கு, தனக்கா, அத்தாவுக்கா? ஏற்றுக்கொள்ளாமல் அவரை எப்படி மண்ணுக்குள் இறக்குவது? அரக்கேறிய விரல்களை அவன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் ஏத்துக்கறேன்" என்றான். "எப்படின்னு தெரியல. ஏத்துக்கறேன்."

"போதும்" என்றார் தாண்டவராயன். கேட்டுக்கு வெளியே போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். தொழுகை நடந்தது. கபர்ஸ்தானில் அவரும் மூன்று பிடி மண் போட்டார். போகும்போது போன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா உம்முசல்மா நடு அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். இன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள், புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா. வாசலைத் தாண்டக் கூடாது. சாய்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா தொடவில்லை. ஜாஹிர் எதிரில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லபடியா முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது." பிறகு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஒருத்தர் கடன் கேட்டாரும்மா. மாகறல்காரர். மூணாவது ரீல் பாக்கியாம். பள்ளிவாசல்ல நின்னுக்கினு கேக்குறாரு. நான் ஏத்துக்கினேன். கெட்டுப்போன ரீல ஏத்துக்கினு வந்து ஒக்காந்திருக்கறேன்."

மனைவிக்குக் கண் மறைந்துகொண்டு வருவதையும் சொன்னான். அம்மா டீ டம்ளரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டுப்போவல" என்றாள்.

"இன்னாது?"

"அரிசி ட்ரம்முக்குப் பின்னால தகரப் பெட்டி இருக்குது. அதுல வட்ட டப்பா மூணு. பிளாஸ்திரி ஒட்டுனது அதான். எடு."

ஜாஹிர் பெட்டியை இழுத்தான். தோள் சுரீர் என்றது. மூன்றாவது டப்பாவைச் சுற்றிப் பழைய மருந்து பிளாஸ்திரி. அது புதிது புதிதாகப் பல தடவை பிரித்து ஒட்டியது போல இருந்தது. உள்ளே ஃபிலிம் பளபளவென்று சுருண்டிருந்தது. பூஞ்சை இல்லை. நாப்தலின் உருண்டை வாசனை.

"ஜோசுவா தெரியும்ல, பொம்பள வேஷம் கட்டுவாரு?"

"தெரியும். அவருதான படத்துல."

"ரெண்டு ரீலுக்கு அவருதான். அப்புறம் அவருக்கு மெட்ராஸ்ல வேல கெடச்சிப் போயிட்டாரு. கேமராவுக்கு வாடக ஒரு நாள்தான் பாக்கி. பாலாத்துல தண்ணி வந்திருந்திச்சி. இவுரு தலையில கையை வெச்சிக்கினு ஒக்காந்துட்டாரு." அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "நான் எறங்குனேன்."

சாய்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஓரிக்கைகிட்ட. விடியற நேரம், ஆள் இல்ல. ஜோசுவா பொடவையக் கட்டிக்கினு. மூஞ்சி தெரியாது, முதுகுதான். இடுப்பளவு தண்ணி. சரியா வரலன்னு மூணு தபா நடக்க வெச்சாரு மனுசன். எனக்கு நீச்சலே தெரியாது."

"அம்மா!"

"கரையேறி வந்து சொன்னேன். எங்க அண்ணன் பாத்தா வெட்டிப் போட்டுடுவான், இத எங்கயும் போடக் கூடாதுன்னு. சரின்னாரு. போடல." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. "அவுரு எடுத்ததுலயே அதான் நல்லா வந்துச்சின்னு அவுருக்குத் தெரியும். ஊரு ஊரா எவ்ளோ வாய் பேசுன ஆளு. இத மட்டும் ஒருத்தருகிட்டயும் சொல்லல. நான் சமையக்கட்டுல இருக்கும்போது டப்பாவத் தொறந்து, ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணாப் புடிச்சிப் பாப்பாரு. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு."

ஜாஹிர் ஃபிலிமின் நுனியைப் பிடித்துச் சாயங்கால வெளிச்சத்துக்கு உயர்த்தினான். விரல் அகலம்கூட இல்லாத கட்டங்கள். நிறையத் தண்ணீர். நடுவில் சின்னதாக ஒரு முதுகு.

"தாண்டுனியாம்மா?"

உம்முசல்மா அவன் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். ஃபிலிமை உள்ளே விட்டு மூடினாள். பிளாஸ்திரியை நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.

"மாகறல்ல வந்து பாரு" என்றாள்.

சாய்மாவுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணன் போயி இருவது வருஷம் ஆச்சி. இப்ப யாரு வெட்டறது?" அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அந்தம்மாவுக்குக் கண்ணு நாலு மாசம் தாங்குமாடா?"

"தெரியலம்மா."

"கேட்டுக்கினு வா. மெசினுக்கு பல்பு பாரு. பேசறதுக்கு நான் வரேன். அந்தப் பொண்ணு ஆத்துல எறங்கும்போது இன்னா சொல்லுச்சின்னு எனக்குத்தான் தெரியும்."

அன்று இருட்டுவதற்குள் ஜாஹிர் தாண்டவராயனுக்கு போன் செய்தான். நாலு மாதம் பத்து நாள் கழித்து ரீல் வரும் என்று சொல்லி, அதுவரை அந்தம்மாவுக்குக் கண் தாங்குமா என்று கேட்டான். அந்தப் பக்கத்தில் அவர் யாரிடமோ திரும்பிச் சொல்வதும், ஒரு பெண் குரல் ஏதோ கேட்பதும் கேட்டது.

அம்மா டப்பாவை அத்தா படுத்திருந்த இடத்தில், அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கனி பாய் எல்லாரிடமும் கணக்கு முடித்துவிட்டார். மாகறலுக்கு மட்டும் ஒரு ரீல் பாக்கி.