தொடைக்கடியில் இருந்த அட்டைகள்

பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. கம்ப்ரசர் போய்விட்டது என்று வாசலிலேயே தெரிந்தாலும் சொல்ல மாட்டார். பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பார். கதவு ரப்பரைத் தடவுவார். கரண்டு ஒழுங்காக வருகிறதா என்று விசாரிப்பார். வீட்டுக்காரர்கள் தாமாகவே மனதைத் தேற்றிக்கொள்ளும்வரை பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். சொந்த வீட்டிலும் அதே வித்தைதான்.

அன்று சாயங்காலம் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மனைவியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருக்கும் அவளுக்கு மறுநாள் நர்ஸ் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு. காலி மருந்துப் பெட்டிகளை அட்டை அட்டையாக வெட்டி, ஒரு பக்கம் உயிரியல் சொல்லும் மறுபக்கம் விளக்கமும் எழுதி வைத்திருந்தாள். இன்றைய பாடம் இனப்பெருக்கம். அவர் விளக்கத்தை வாசிக்க, அவள் துணி மடித்தபடியே சொல்லைச் சொல்ல வேண்டும்.

"மகரந்தத்தூள் சூல்முடிக்குப் போய்ச் சேர்றது?"

"மகரந்தச் சேர்க்கை."

"அதுவே வேற செடியோட பூவுக்குப் போனா?"

"அயல் மகரந்தச் சேர்க்கை. அடுத்தது."

"கருவுற்ற பிறகு சூலகம் என்னவா மாறும்?"

"கனியா மாறும். உள்ள இருக்கிற சூல் விதையாகும். ஏங்க, ரொம்ப நேரமா பூவுலயே நிக்கிறீங்களே. வண்டுகூட இந்நேரம் அலுத்துப்போய்க் கெளம்பியிருக்கும்."

"பூவுலதான் நெறைய மார்க்காம்."

"யாரு சொன்னா?"

"பொதுவா சொல்றாங்க."

அட்டைகளில் விலங்குகளைப் பற்றிய பாதி முழுவதும் அவருடைய தொடைக்கடியில் இருந்தது. விந்தகம், விந்தணு, அண்டம், கருப்பை எல்லாவற்றின் மேலும் அவர் கனமாக உட்கார்ந்திருந்தார்.

முந்தாநாள், சர்வீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். டாக்டர் பெட்டியைச் சுற்றி வருகிற ஆள் இல்லை. "கொறைவுன்னு சொல்லலைங்க. விந்தணுவே இல்ல. மருந்துல சரியாகிற மாதிரியும் தெரியல" என்றார். கரண்டு பிரச்சினையாக இருக்குமோ என்று கேட்க வாயெடுத்து, மெக்கானிக் மூடிக்கொண்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இன்று காலை நடந்ததுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மாடி வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா படிக்கட்டில் நின்று, எல்லா வீட்டுக் காதுக்கும் எட்டும்படி, "எட்டு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. இப்போ பரீட்சை ஒண்ணுதான் கொறைச்சல்" என்றாள். மனைவி குனிந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மெக்கானிக் உள்ளே, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தெர்மோஸ்டாட்டைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க, போர்வையை மடிக்கணும்."

எழுந்திருக்க யோசித்தவரின் முழங்காலை அவள் தள்ளினாள். வளைந்துபோன அட்டைகள் வெளியே வந்தன. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தன.

"என்னங்க இது, அடை காக்கிறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவளே மேலாக இருந்ததை எடுத்து வாசித்தாள்.

"ஆணின் இனச்செல். நீங்க சொல்லுங்க பாப்போம்."

"விந்தணு." போர்வை முனையை இழுத்துவிட்டுக்கொண்டே, "எனக்கு அது இல்லையாம்" என்றார்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"டாக்டர். முந்தாநாள்."

"தனியாவா போனீங்க?"

தலையாட்டினார். அவள் அவருடைய பாதத்தின் மேல் கையை வைத்தாள். வளைந்த அட்டையை மறு கையால் முழங்காலில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு நீவுவது நின்றது.

"அப்போ இன்னைக்குக் காலைல அக்கா பேசினப்போ, உங்களுக்குத் தெரியும்."

பிளக், ரப்பர், கரண்டு எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.

"தெரியும்."

பாதத்தின் மேலிருந்த கை எடுக்கப்பட்டது.

"கொழந்தை இல்லைங்கறதுக்கு உங்களோட சேர்ந்து அழுதுக்குவேங்க" என்றாள், சுவரைப் பார்த்து. "காலைல நடந்ததை என்னால முழுங்க முடியல."

மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினார். அக்கா கதவைத் திறந்து, "வாடா, சாப்டியா?" என்றாள். அவர் உள்ளே போகவில்லை.

"அக்கா, கொறை எங்கிட்ட. அவகிட்ட இல்ல. டாக்டர் சொல்லிட்டார்."

அக்காவின் பார்வை அவரைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது. முகம் சுருங்கியது. நிஜமாகவே கலங்கிவிட்டாள். ஆனாலும் குரல் தானாகத் தணிந்தது.

"மெதுவாடா. உள்ள வா, கதவைச் சாத்து. நாலு பேர் காதுல விழப்போகுது."

சாத்த வந்த கதவை அவர் உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினார்.

"அவளைப் பேசினப்போ நாலு பேர் காதுல விழணும்னுதானே பேசின. இதுவும் விழட்டும்."

அதையே மறுபடி, கீழ்த்தளம்வரை கேட்கும்படி சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. மீதியையும் சொல்லி முடித்தார். கீழே எங்கோ ஒரு கதவு திறந்தது. யாருடையது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.