இன்னொரு டேனியலின் மூக்கு

செகந்திராபாத் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த டேனியலுக்கு ஆறு மாதமாக வலது மூக்கு அடைத்திருந்தது. ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனபோது, டாக்டர் அனந்தகிருஷ்ணன் இடது மூக்கில் ஆபரேஷன் என்றார்.

"மூக்குக்குள்ள பக்கச் சுவர்லேர்ந்து சுருளா எலும்பு நீட்டிக்கிட்டிருக்கும். டர்பினேட்னு பேரு. உங்களுக்கு நடு எலும்புல காத்து புகுந்து பலூன் மாதிரி உப்பியிருக்கு."

"அடைக்கிறது வலது பக்கம், டாக்டர்."

"படத்துல இடம் வலம் மாறித்தான் தெரியும்."

டேனியல் ஒப்புக்கொண்டார். முப்பது வருடம் வரைபடம் பார்த்து வேலை செய்தவர். படத்தோடு சண்டை போட்டுப் பழக்கமில்லை. அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

"ஆபரேஷன் நக்கோ, வேணவே வேணாம். ஸ்கேன் எடுத்தவங்களையே கேப்போம்" என்று அவரை அமீர்பேட்டுக்குக் கூட்டிப்போனாள். ஐந்து வருடத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தபோது எடுத்த ஸ்கேனையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் எழுதும் டாக்டர் கல்பகம் இரண்டு படங்களையும் மாட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒரே ஆள் இல்லை."

"ரெண்டும் நான்தான், டாக்டர்."

"பழசுல பைக்ல விழுந்த அடி தெரியுது, அதுதான் நீங்க. பொதுவா நடு எலும்போட வளைவு உள்பக்கம் பார்த்து இருக்கும். உங்களுக்கு வெளிப்பக்கம். பலூன் எங்கேயும் இல்லை. அஞ்சு வருஷத்துல எலும்பு இப்படித் திரும்பிக்காது."

"வெளிப்பக்கம்னா வியாதியா?"

"இல்லை. பிறவி அமைப்பு. நிறைய பேருக்கு இருக்கும்."

நிறைய பேருக்கு என்றதும் டேனியலுக்கு லேசாக ஏமாற்றமாக இருந்தது.

பதிவேட்டைப் புரட்டினால், புது ஸ்கேன் எடுத்த அதே நாளில் இன்னொரு டேனியலும் வந்து போயிருந்தான். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. கவர் மாறியிருந்தது. போன் செய்ததும் வந்துவிட்டான். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, அலர்ஜிதான் என்று சொல்லி அவனுக்கு ஸ்ப்ரே கொடுத்திருந்தார்கள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் கல்பகம்.

"சுத்தமா சரியாயிடுச்சு, மேடம்."

கல்பகம் அவனுடைய நிஜப் படத்தில் பலூனைக் காட்டினார். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நான் சரியாகலையா?"

"ஆயிட்டீங்க. தொல்லை இல்லேன்னா அதை யாரும் தொட வேண்டியதில்லை."

சரியான படத்தை அனந்தகிருஷ்ணனிடம் கொண்டுபோனார்கள். அவர் முதல்முறையாக டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். ஆபரேஷன் தேதியை அடித்துவிட்டு அதே ஸ்ப்ரேயை எழுதினார்.

மூன்றாவது வாரம் வலது மூக்கு திறந்தது. வீட்டில் எங்கோ கிரீஸ் நாறுகிறது என்று டேனியல் தேடினார்.

"உங்க சட்டைதான்" என்றாள் ஸ்டெல்லா.